சிங்கப்பூர் அரசுச் சின்னத்தில் அந்தப் புலி இன்னும் ஏன் நிற்கிறது?

மரீனாக்காற்று

சிங்கப்பூரின் அரசுச் சின்னத்தை இங்கே பாதிப் பேர் தினமும் பார்க்கிறோம். கடவுச்சீட்டு அட்டையில் இருக்கிறது, காசில் இருக்கிறது, அரசுக் கட்டட முகப்புகளில் இருக்கிறது. நடுவில் சிவப்புக் கேடயம், அதில் வெள்ளைப் பிறையும் ஐந்து நட்சத்திரங்களும். நாம் பார்க்கும் கோணத்தில் இடப்பக்கம் சிங்கம், வலப்பக்கம் புலி. அடியில் நீல நாடா, அதில் பொன்னெழுத்தில் 'மஜூலா சிங்கப்பூரா', அதாவது 'முன்னேறட்டும் சிங்கப்பூர்'.

சிங்கம் சிங்கப்பூர். புலி மலாயா, அதாவது இன்றைய தீபகற்ப மலேசியா. இது என் ஊகமில்லை, அரசாங்கம் தரும் விளக்கமே இதுதான்: புலி, மலாயாவோடு நமக்கிருந்த வரலாற்றுத் தொடர்பைக் குறிக்கிறது.

சின்னம் 1959 டிசம்பர் 3 அன்று கொடியோடும் நாட்டுப்பண்ணோடும் சேர்ந்து அறிமுகமானது. அப்போது சிங்கப்பூர் தனி நாடு இல்லை, பிரிட்டிஷாரிடம் சுயாட்சி பெற்ற பகுதி. மலாயாவோடு இணைவதுதான் ஆளும் கட்சியின் குறிக்கோள். ஆகவே புலி வந்ததில் ஆச்சரியமில்லை. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா அமைந்து இணைப்பும் நடந்தது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1965 ஆகஸ்ட் 9இல் வெளியே வந்தாயிற்று. அதற்கப்புறமும் புலி அதே இடத்தில் நிற்கிறது. ஏன்? மறந்துவிட்டார்களா, நேரமில்லையா, இல்லை வேண்டுமென்றே விட்டார்களா?

செம்பவாங் சித்தி

நேரமில்லை, அவ்வளவுதான். இதில் பெரிய தத்துவம் தேடாதீர்கள்.

1965இல் அந்த அமைச்சரவையின் மேசையில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். குடிநீருக்கு ஜொகூரை நம்பியிருக்க வேண்டும். சொந்தமாக இருந்தது இரண்டே காலாட்படைப் பிரிவு. இந்தோனேசியாவுடனான மோதல் ஓயவில்லை, அதே வருடம் மார்ச்சில்தான் ஆர்ச்சர்ட் ரோடு மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்தது. இந்த லட்சணத்தில் புலி இருக்கட்டுமா போகட்டுமா என்று குழு போட்டு உட்காருவார்களா? கொடியையும் மாற்றவில்லை, பாட்டையும் மாற்றவில்லை. மூன்றையும் அப்படியே விட்டார்கள்.

அறந்தாங்கி 65

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் புலி சோழர் புலியா? ராஜேந்திரன் கடாரம் போனதால் வந்த புலி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சிங்கமும் புலியும் சண்டை போடாமல் நிற்கும் ஒரே நாடு என்று அதில் வேறு எழுதியிருக்கிறார்கள்.

நாணயப்பித்தன்

இல்லை தம்பி. அந்தச் செய்தியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்தப் புலிக்கு வம்சாவளி இருக்கிறது, அது நன்றாகவே தெரியும். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த பழைய மலாய் ஐக்கிய மாநிலங்களின் கொடி வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பட்டை. நடுவில் ஓடும் புலி. தபால்தலையிலும் பாயும் புலிதான். என் ஆல்பத்தில் சில இருக்கின்றன. புலி புல்லுக்குள்ளிருந்து நேராக நம்மை நோக்கிப் பாய்கிற மாதிரி செதுக்கியிருப்பார்கள், அந்தக் காலத்து அச்சு என்றால் அச்சு. அங்கிருந்து மலாயாக் கூட்டரசின் சின்னத்துக்குப் போனது, அதில் கேடயத்தின் இரு பக்கமும் புலிகள். அந்த இரண்டில் ஒன்றைத்தான் சிங்கப்பூர் எடுத்துக்கொண்டது. சோழருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சித்திக்கு ஒரு கேள்வி. நேரமில்லாமல் விட்டார்கள் என்றால் 1967ஐ என்ன செய்வது? அந்த வருடம்தான் சிங்கப்பூர் சொந்த நாணயம் வெளியிட்டது. ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு காசையும் புதிதாக வரைந்தார்கள். ஒரு வெள்ளி (டாலர்) காசில் சிங்கம் மட்டும் தனியாக நின்றது, இரு பக்கமும் நெற்கதிர். புலி கிடையாது. ஆக, தனிச் சிங்கம் வரைய அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதே வருடம் வந்த ஆர்க்கிட் வரிசைத் தாள்களில் முழு அரசுச் சின்னம், புலியோடு. மறந்து விட்டுப்போனது என்றால் அதைப் புதுத் தாளில் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

செம்பவாங் சித்தி

சட்டப்படி இருக்கிற சின்னம், தாளில் போட்டார்கள். அதுவும் நேரமில்லாததன் தொடர்ச்சிதான். தனிச் சிங்கத்தைப் பார்த்ததும், 'ஓ, புலியைத் தவிர்க்க முயன்றிருக்கிறார்கள்' என்றும் ஒருவர் வாதாடலாமே.

தைப்பிங்காரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னத்தின் கேள்விக்குப் பதில் சின்னத்தில் கிடைக்காது, அதைச் செய்தவர்களிடம்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கொடி, சின்னம், பாட்டு மூன்றுக்குமான குழுவுக்குத் தலைமை தாங்கியவர் துணைப் பிரதமர் டோ சின் சாய். உடலியல் படித்து, கற்பித்தவர். ஆளும் மக்கள் செயல் கட்சியின் தலைவர். பிறந்த ஊர் எது தெரியுமா? எங்கள் தைப்பிங். பேராக் மாநிலம்.

கலாசார அமைச்சர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, குழந்தையாகவே மலாயாவுக்கு வந்து, சிரம்பானில் வளர்ந்தவர். நிதியமைச்சர் கோ கெங் சுவீ பிறந்தது மலாக்காவில். இந்த நால்வரில் பிரதமர் லீ குவான் இயூ மட்டும்தான் சிங்கப்பூரில் பிறந்தவர். அந்த மேசையைச் சுற்றியிருந்த முக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு மலாயா பக்கத்து நாடு இல்லை, ஊர். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா அப்பா, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாம் இருந்தது. அவர்கள் புலியைப் போட்டது மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானுக்குச் சலாம் வைக்க மட்டும் என்று நான் நம்ப மாட்டேன்.

இப்போது 1965க்கு வாருங்கள். அந்த வருடம் மே மாதம் 'மலேசியர்களுக்கான மலேசியா' என்று எதிர்க்கட்சிகள் சேர்ந்து அமைத்த மலேசிய ஒற்றுமை மாநாட்டுக்குத் தலைமை டோ சின் சாய். ஆகஸ்டில் பிரிவினை ஒப்பந்தம் கோலாலம்பூரில் தயாரானபோது, கையெழுத்துப் போட மறுத்து நின்றவர்களில் முதல் ஆள் அவர், இன்னொருவர் ராஜரத்தினம். கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மானே டோவுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, வேறு வழி இல்லை என்று. அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

யோசித்துப் பாருங்கள். சின்னத்தைச் செய்த குழுவின் தலைவரும், பிரிவை ஏற்க மனமில்லாமல் கடைசிவரை நின்றவரும் ஒரே ஆள். அந்த ஆள் அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கும்போது புலியை எடு என்று யார் சொல்வது? யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்?

மரீனாக்காற்று

அண்ணே, இது நான் எதிர்பார்க்காத பக்கம். டோ தலைமை தாங்கினார் என்று தெரியும், தைப்பிங் கணக்கு தெரியாது.

ஆனால் இதை வைத்து மனப்பூர்வமாக விட்டார்கள் என்று தீர்ப்பு எழுத முடியாது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை என்பது ஒன்று, வைத்திருப்போம் என்று முடிவெடுத்தது இன்னொன்று.

கோடுவரைஞன்

வரைகலைக்காரன் என்ற முறையில் நான் சொல்வது: இந்தச் சின்னத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 1959இல் இருந்த மலாயாக் கூட்டரசின் சின்னத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் நடுவில் கேடயம், பின்னங்காலில் எழுந்து நிற்கும் இரண்டு விலங்கு, பிறை, கீழே வாசகம் எழுதிய நாடா. சிங்கப்பூர் அதே சட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒரு புலியின் இடத்தில் சிங்கத்தை நிறுத்தியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினால் ஒரே குடும்பம் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இது என் வாசிப்பு, ஆனால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறேன்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. கேடயம், தாங்கி நிற்கும் விலங்குகள், நாடா, மொத்தமும் ஆங்கிலப் பிரபுக்களின் குலச்சின்ன மரபு. காலனியாதிக்கத்தை எதிர்த்து 51 தொகுதியில் 43ஐ வென்று வந்த கட்சி, அரசாங்கம் அமைத்து ஆறே மாதத்தில் லண்டன் பாணியில் சின்னம் வரைந்தது. இந்தோனேசியாவைப் பாருங்கள். 1950இல் கருடனைக் கொண்டுவந்தார்கள். அதிலும் மார்பில் கேடயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் உருவம் அவர்களுடையது. இறக்கைக்கு 17 இறகு, வாலில் 8, கழுத்தில் 45. சுதந்திரப் பிரகடன நாளை, 17-8-45ஐ, பறவையின் உடம்பிலேயே எழுதிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்தத் துணிச்சல் இங்கே இல்லை.

செம்பவாங் சித்தி

துணிச்சல் இல்லையா? கேடயத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. அந்தப் பிறையும் நட்சத்திரமும் லேசான விஷயமில்லை.

முதலில் கொடி முழுக்கச் சிவப்பாக இருக்கலாமா என்ற யோசனை வந்தது. முழுச் சிவப்பு கம்யூனிஸ்ட் நிறம் என்று கைவிட்டார்கள். நட்சத்திரம் மூன்று போதுமா என்றால், மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக் கொடியில் இருந்ததும் மூன்று. சீனர்களில் பலருக்கு ஐந்து நட்சத்திரம் பிடித்திருந்தது, சீனாவின் கொடியைப் பார்த்த பழக்கம். மலாய்க்காரர்களுக்குப் பிறை வேண்டும். இரண்டையும் போட்டுவிட்டு, ஐந்து நட்சத்திரம் என்றால் ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்றும், பிறை என்றால் வளர்ந்துவரும் இளம் நாடு என்றும் விளக்கம் கொடுத்தார்கள். இந்த இடம் சீன நாடாகிவிடாது என்று மலாய்க்காரர்களுக்கு நம்பிக்கை தரத்தான் பிறை என்று டோ பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார்.

கருடனின் இறகை எண்ணுவது அழகுதான். ஆனால் இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சமூகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைக் கேடயத்துக்குள் ஒரு சண்டை இல்லாமல் அடக்கியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

கோடுவரைஞன்

கேடயத்தின் உள்பக்கம் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை அக்கா. என் குறை வெளிச்சட்டத்தின் மேல்தான். சின்ன அளவில் அச்சடித்துப் பாருங்கள், புலியின் வரியும் சிங்கத்தின் பிடரியும் ஒன்றாகக் குழம்பி, இரண்டு மஞ்சள் பூனை நிற்கிற மாதிரி ஆகிவிடும். 1986இல் சிங்கத் தலைச் சின்னத்தைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: அரசுச் சின்னத்தை அரசாங்கம் மட்டும்தான் பயன்படுத்தலாம். பொதுமக்களும் கடைக்காரர்களும் நாட்டுப்பற்றைக் காட்ட ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளையில் சிவப்பாக அந்தச் சிங்கத் தலை. பிடரி ஐந்து பிரிவாக இருக்கும், அதே ஐந்து கொள்கை. சுத்தமான கோடு. அதில் புலி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

தைப்பிங்காரன்

புலி இல்லாத சின்னம் 27 வருடம் கழித்து வந்தது, அதுவும் கூடுதலாக. பழையதை எடுத்துவிட்டு வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். 1963இல் மலேசியா உருவானபோது கேடயத்தின் அடிப்பகுதியில் சபா, சிங்கப்பூர், சரவாக் மூன்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிங்கப்பூருக்கு நடு இடம். 1965க்குப் பின் அந்த நடு இடத்தில் செம்பருத்தி வந்து உட்கார்ந்தது. பூங்கா ராயா, எங்கள் தேசிய மலர். இப்போது மலேசியச் சின்னத்தைப் பார்த்தால் அடியில் ஒரு பூ இருக்கும், அது சிங்கப்பூர் இருந்த இடம். என் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இதை வைத்து நாங்கள் அழித்தோம், நீங்கள் வைத்திருந்தீர்கள் என்று எழுத வேண்டாம். சின்னத்தின் உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின் முனைகளை எண்ணுங்கள். 14. கொடியில் 14 பட்டை. சிங்கப்பூரையும் சேர்த்து 14 மாநிலம் என்று வைத்த கணக்கு. சிங்கப்பூர் போனபின் 13 ஆக்கவில்லை. மிச்ச ஒன்று கூட்டரசைக் குறிக்கிறது என்று புது விளக்கம் சொன்னார்கள்.

நாணயப்பித்தன்

அருமை. ஆக இரண்டு நாட்டிலும் ஒருவர் சுவட்டை இன்னொருவர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் விளக்கத்தை மாற்றினார், ஒருவர் விளக்கத்தையும் மாற்றவில்லை.

மரீனாக்காற்று

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். சிங்கப்பூர் நினைத்திருந்தால் புலிக்கு வேறு அர்த்தம் சொல்லியிருக்கலாம். வீரம், வேகம், ஆசியப் பொருளாதாரம், என்ன வேண்டுமானாலும். பிறைக்கு 'இளம் நாடு' என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா? சொல்லவில்லை. இன்றைக்கும் அதிகாரபூர்வ விளக்கம் மலாயாத் தொடர்பு என்றே இருக்கிறது. நேரமில்லை என்பது 1965க்குப் பொருந்தும் அக்கா, அதற்கப்புறம் வந்த அத்தனை வருடத்துக்கும் பொருந்துமா?

செம்பவாங் சித்தி

அத்தனை வருடம் ஆனபின் மாற்றினால்தான் செய்தியாகும். பக்கத்து நாட்டுக்காரன் 'புலியை ஏன் எடுத்தாய்' என்று கேட்பான். தண்ணீர் ஒப்பந்தம் முதற்கொண்டு பேச ஆயிரம் விஷயம் இருக்கும்போது எந்த வெளியுறவு அமைச்சர் இதை வாங்கிக் கட்டிக்கொள்வார்? சரி, முதல் சில வருடம் நேரமில்லை, அப்புறம் தேவையில்லை. உங்கள் கட்சிக்கு இவ்வளவுதான் விட்டுக்கொடுப்பேன்.

புக்கிட் பாஞ்சாங் பையன்

இளைய தலைமுறைக் கருத்து ஒன்றும் இருக்கட்டும். எங்களுக்கு மலாயா என்ற பெயரே வரலாற்றுப் பாடம். அந்தப் பெயரில் இன்று நாடு இல்லை. இல்லாத நாட்டைக் குறிக்க ஒரு விலங்கு எதற்கு? சிங்கமாவது ஊர்ப் பெயரில் இருக்கிறது.

நாணயப்பித்தன்

தம்பி, சிங்கம் பெயரில் இருக்கிறது, புலி மண்ணில் இருந்தது. இந்தத் தீவில் ஒரு காலத்திலும் காட்டுச் சிங்கம் வாழ்ந்ததில்லை. சுமத்ராவின் பலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசன் சாங் நீல உத்தமா கரையில் ஒரு விலங்கைப் பார்த்தான், அதைச் சிங்கம் என்றார்கள் என்பது மலாய் வரலாற்று நூலில் வரும் கதை. அதில் சொல்லியிருக்கும் அடையாளம்: சிவந்த உடம்பு, கருந்தலை, வெள்ளை மார்பு. எந்தச் சிங்கம் இப்படி இருக்கும்? புலியாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

புலிக்கோ கதை தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் கம்பீர் (தோல் பதனிட உதவும் ஒரு செடி), மிளகு ஆகியவற்றின் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டியபோது கூலிகளைப் புலி அடித்தது அடிக்கடி நடந்தது. புலியைக் கொன்றால் அரசாங்கம் பரிசுப் பணம் கொடுத்தது. கடைசிக் காட்டுப்புலியைச் சுட்டது 1930இல், சுவா சூ காங்கில். உங்கள் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள். சின்னம் வரைந்த 1959இல், அதை நேரில் நினைவு வைத்திருந்த கிழவர்கள் அந்தப் பக்கம் இருந்திருப்பார்கள்.

மலாயாவுக்காக வேண்டாம் என்றால் சுவா சூ காங்குக்காக இருந்துவிட்டுப் போகட்டுமே.

புக்கிட் பாஞ்சாங் பையன்

ஹாஹா. அப்படியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விளக்கத்தை அப்படி மாற்றச் சொல்லுங்கள்.

தைப்பிங்காரன்

விளக்கத்தை மாற்றினால் நான்தான் முதலில் ஆட்சேபிப்பேன்.

அறந்தாங்கி 65

நான் வந்த புதிதில் மீன் வால் வைத்த சிங்கம்தான் தேசியச் சின்னம் என்று நினைத்திருந்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கோடுவரைஞன்

மெர்லயன் சுற்றுலாத் துறையின் பிள்ளை. 1964இல் பிரேசர் புரூனர் வரைந்து சுற்றுலாக் கழகத்தின் சின்னமாக வந்தது. ஆற்று முகத்தில் இருக்கும் சிலை 1972. தேசியச் சின்னங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. சாவிக்கொத்தில் மட்டும் அதுதான் ராஜா.

மரீனாக்காற்று

நாணயப்பித்தன் அண்ணே, காசில் இருக்கும் சின்னத்தில் ஏதோ மாற்றம் உண்டு என்று வேறொரு இழையில் எழுதியிருந்தீர்களே?

நாணயப்பித்தன்

ஆமாம், ஆனால் விலங்கில் இல்லை, நாடாவில். அரசுச் சின்னம் அன்றாடப் புழக்கக் காசுக்கு வந்தது 1985 வரிசையில். சுற்றிலும் நாட்டின் பெயர் நான்கு மொழியில், 'சிங்கப்பூர்' என்று தமிழிலும். 1990களின் தொடக்கத்தில் நாடாவின் வளைவை மாற்றினார்கள். ஒருவகைக் காசில் மேல்நோக்கி வளையும், மற்றதில் கீழ்நோக்கி. 80களின் பத்துக் காசையும் 2000த்தின் பத்துக் காசையும் அருகருகே வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள், 'மஜூலா சிங்கப்பூரா' எழுத்தின் ஓட்டமே வேறு. புலி இரண்டிலும் அதே புலி.

அறந்தாங்கி 65

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. ஆகஸ்டில் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து தேசிய தினத்துக்குப் பனியன் அடிக்கிறோம். முதுகில் இந்தச் சின்னத்தைப் போடலாமா?

செம்பவாங் சித்தி

கூடவே கூடாது. 2022இல் நிறைவேற்றிய தேசியச் சின்னங்கள் சட்டத்தில் அபராதம் முன்பைவிடப் பல மடங்கு. சிங்கத் தலையைப் போடுங்கள். அதற்கும் விதிமுறை இருக்கிறது: முழுதாகப் போட வேண்டும், அதன்மேல் எழுத்தோ படமோ ஏற்றக் கூடாது. உங்கள் சங்கத்தின் பெயரைத் தள்ளி எழுதுங்கள். அச்சடிக்கக் கொடுக்கும் முன் அரசாங்க இணையதளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அறந்தாங்கி 65

நன்றி சித்தி. சங்கத்துக்காரர்கள் புலிதான் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இழையை அவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.